தொண்ணூற்றெட்டு சதவீதக் கல்யாணம்

ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர் மறுமணம் செய்துகொள்ள விரும்புவது சட்டப்படி குற்றமல்ல. அந்தத் தைரியத்தில்தான் டெட்லெஃப், இங்கிலாந்துக்காரி மோரீனைக் கூட்டிக்கொண்டு திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்.

"நீங்க எந்த ஊர்?" என்றார் அதிகாரி டெர்ஹோர்ஸ்ட் அம்மாள்.

"நியாண்டர்தாலர்!" என்றார் டெட்லெஃப் பெருமையாக. தால் என்றால் பள்ளத்தாக்கு. தாலர் என்றால் அங்கே வாழ்பவர்.

அம்மாள் அரசு அங்கீகாரம் பெற்ற அகராதியைப் புரட்டினார். "'நியாண்டர்தாலர்: முற்றிலும் அழிந்துபோன மனித இனம்.' மன்னிக்கணும். அழிஞ்சுபோனவங்களுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை."

"அம்மா, நான் உங்க முன்னாடி நிக்கிறேனே!"

"நிக்கிறீங்க. அகராதியில இல்லையே."

மோரீன் குறுக்கிட்டாள். "மேடம், எங்க இங்கிலீஷ்ல அந்தச் சொல்லுக்கு நடுவுல ஒரு ஹெச் உண்டு. உங்க ஜெர்மன்ல இல்லை. அப்ப அழிஞ்சவர் வேற, இவர் வேற."

"இருந்த ஹெச்சை எழுத்துச் சீர்திருத்தத்துல நாங்கதான் எடுத்தோம். எழுத்தே போயிடுச்சு, ஆள் மட்டும் எப்படி இருப்பார்?"

லீட்ஸில் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவள் மோரீன். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் டெட்லெஃப் நேரே மேலதிகாரி டாக்டர் க்வாஸ்ட் அறைக்குள் நுழைந்தார்.

க்வாஸ்ட் நாகரிகம் தெரிந்தவர். 'பேலியோ' என்ற ஆதிமனிதன் உணவுமுறை வந்த நாளிலிருந்து ரொட்டியை விட்டார், செருப்பையும் விட்டார். வெறுங்காலை மேசைமேல் போட்டுப் பச்சை இறைச்சியை மென்றுகொண்டிருந்தார்.

"ஐயா, அந்த நியாண்டர்தால் ஆதிமனுஷன் ரத்தம் நம்ம எல்லார்கிட்டயும் ரெண்டு சதவீதம் இருக்காமே. விஞ்ஞானிங்க சொல்றாங்க. அழிஞ்சவனுக்குக் கல்யாணம் கிடையாதுன்னா, உங்க கல்யாணம் செல்லுமா?"

மெல்லுவது நின்றது. க்வாஸ்டின் காதில் மனைவியின் குரல் கேட்டிருக்க வேண்டும். அரை மணியில் ஆணை பிறந்தது: 'பொதுமக்கள் அனைவரும் இரண்டு சதவீதம் அழிந்தவர்கள் என்று இதனால் அறிவிக்கப்படுகிறது. அவர்தம் திருமணங்கள் தொண்ணூற்றெட்டு சதவீதம் செல்லும்.'

அன்று மாலையே டெட்லெஃபும் மோரீனும் தொண்ணூற்றெட்டு சதவீதம் தம்பதியானார்கள். மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மோரீன்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் தொடங்கிய வரிசை தெருக்கோடி வரை நின்றது. ஆணையை எதிர்த்து ஊரே திரண்டுவிட்டது என்று டெட்லெஃப் பயந்துபோனார். அப்படியொன்றும் இல்லை. வந்த கணவன்மார், மனைவிமார் எல்லோருக்கும் ஒரே கோரிக்கைதான்:

"அந்த ரெண்டு சதவீதத்தைக் கொஞ்சம் கூட்டிப்போட முடியுமா?"

வரிசையில் முதல் ஆள், திருமதி க்வாஸ்ட்.