பைய வந்தவன்

“சார், மூணாவது அத்தியாயத்துல பதினேழு பசங்க வந்திருக்காங்க. யார் சார் இவங்கள்லாம்?”

சென்னையிலிருந்து பதிப்பகத்து லில்லி போனில் கேட்டாள். யஹ்யாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“கதையில ஒரே ஒரு பையன்தானேம்மா? கொள்ளையன் தூக்கிட்டுப் போனானே, அவன்தான்!”

“கதவைத் திறந்தா பையன். ஏணியில பையன். கேப்டன் டீ குடிக்கிறப்போ பக்கத்துல பையன். ஒருத்தனுக்கும் பேர் இல்ல. எல்லாரும் உள்ளேயே வராங்க சார், ஒருத்தனும் வெளியே போகல.”

யஹ்யா தலையில் கை வைத்தார். குற்றவாளி யாரென்று புரிந்துவிட்டது. செல்போன்!

இருநூற்று எண்பத்தாறு நாவல்கள் எழுதியவர் அவர். அத்தனையும் கேப்டனை நாயகனாக வைத்துக் குழந்தைகளுக்கு எழுதிய கடல் சாகசம். உவரியில் ஒருமுறை படகில் ஏறி, கரை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்ததுதான் அவருடைய மொத்தக் கடல் அனுபவம். அந்தக் கதைகளில் கப்பல்கள் மூழ்கும், தீவுகள் எரியும். ஒரு குழந்தைகூடச் சாகாது.

போன வருஷம் சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. இப்போது அவர் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. திருநெல்வேலியில் ‘பைய’ என்றால் மெதுவாக. போனுக்கு அது தெரியுமா? ‘பைய வந்தான்’ என்றால், ‘பையன் வந்தான்’!

“அப்போ ‘மெதுவா’ன்னே சொல்லுங்க சார். வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். இல்லேன்னா கேப்டனை வேற ஆளு எழுதட்டும்னுட்டார் முதலாளி.”

கண் போனவருக்கு மிச்சமிருந்தது கேப்டன் ஒருவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ‘மெதுவாக’ என்றார். எழுபது வருஷ நாக்கு கேட்குமா? கதை சூடு பிடித்ததும் பழைய குணம் திரும்பியது.

புதன்கிழமை காலை லில்லி எண்ணிச் சொன்னாள். “முப்பத்தொண்ணு சார்!”

டவுணில் செல்போன் கடை வைத்திருந்த அஃப்சல் வந்தான். “ஒரே அமுக்குதான் மாமா” என்று, கதையிலிருந்த எல்லாப் ‘பையன்’களையும் ‘மெதுவாக’ என்று மாற்றி அனுப்பினான்.

பத்தே நிமிஷத்தில் போன்.

“சார், தூக்கிட்டுப் போன பையனோட அம்மா ‘ஐயோ, என் மெதுவாக எங்கே’ன்னு கதறுறாங்க. என்னத்தைத் தேடுறாங்க?”

“ஏலே அஃப்சல், நல்லா இருப்பியாலே நீ?”

மாற்றியதைப் பழையபடி ஆக்கிவிட்டு அஃப்சல் நழுவினான். மறுபடி முப்பத்தொரு பேர். பொழுது சாய்வதற்குள் கதை போயாக வேண்டும். யஹ்யா கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தார்.

“முப்பத்தொரு பேரும் ஒரே படகில் ஏறினார்கள். புயல் அடித்தது. படகு கவிழ்ந்தது. ஒருவன்கூட மிஞ்சவில்லை...”

கதவு படாரென்று திறந்தது. அந்த அறைக்குள் வரவே வராத அவர் மனைவி ஆபிதா பீவி நின்றாள்.

“நிப்பாட்டுங்க! குறுக்குத்துறையில ஒண்ண ஆத்துக்குக் குடுத்தது போதாதா?”

அலி அஸ்கர். பதினோரு வயது. முப்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பேர்.

அன்றைக்குக் குளிக்கக் கூப்பிட்ட மகனிடம், எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிராமலே யஹ்யா சொன்னார்: “நீ முன்னால போலே. இந்த அத்தியாயத்த முடிச்சுட்டு நான் பைய வாரேன்.”

பையத்தான் போனார்.

யஹ்யா போனிடம் படகு கவிழ்ந்த வரிகளை அழிக்கச் சொன்னார். ஆபிதா பீவி அவர் கையைப் பிடித்து அஃப்சல் கடைக்குக் கூட்டிப் போனாள்.

“இந்த மிஷினுக்கு நம்ம பேச்சக் கத்துக்குடுலே. ஒரு சின்ன வார்த்த வெளங்கல அதுக்கு.”

“அது எழுதுததோட ஒங்க குரலையும் சேத்து வச்சிருக்கும் மாமா. எங்கன தப்புதுன்னு கேட்டுப் பாப்போம்.”

அஃப்சல் காதில் மாட்டிக்கொண்டு கேட்டான். முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டான்.

“என்னலே சொல்லுது?”

அஃப்சல் காதிலிருந்து கழற்றி வைத்தான்.

“போன் மேல குத்தமில்ல மாமா. முப்பத்தொரு எடத்துலயும் நீங்க ‘பையன் வந்தான்’னுதான் சொல்லியிருக்கிய.”