பாக்கெட்டில் நிற்காத கத்தி

கத்தி மூன்றாவது தடவையாக விழுந்தது, துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு யேசுதாஸின் கால் கட்டைவிரலில்.

மடக்கியிருந்த கத்திதான், ரத்தம் வரவில்லை. ஆனாலும் மனிதர் "ஏசப்பா!" என்று துள்ளிய துள்ளலில் கையிலிருந்த காபி எகிறி, மாலை போட்டிருந்த, செத்துப்போன பெருமாளின் படத்தின் மேல் தெறித்தது. பெருமாள் உயிரோடு இருந்திருந்தால் அன்று அந்த வீட்டில் இன்னொரு சாவு விழுந்திருக்கும்.

உள்ளேயிருந்து அத்தை ஞானசுந்தரி ஓடி வந்தார். யேசுதாஸின் காலையும் பார்க்கவில்லை, தம்பியின் படத்தையும் பார்க்கவில்லை.

"வுழுந்துடுச்சா? எவ்ளோ நேரம் ஆச்சி? எடுடா மொதல்ல!"

"இப்பதான் அத்தே வுழுந்துச்சி" என்றபடி பெருமாளின் மகன் துரை கட்டிலுக்கு அடியில் தலையை விட்டான்.

"இப்பதான்னா? என் தம்பிய எனக்குத் தெரியாதா? ஒரு சந்து கெடச்சா போதும், இன்னேரம் வந்து உன் பக்கத்துல குந்திக்கினு இருப்பான்!"

துரை பக்கத்தில் திரும்பிப் பார்க்காமல் கத்தியைத் துழாவினான். கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். கொள்ளி வைத்தவன் காரியம் முடிகிற வரைக்கும் உடம்பில் இரும்பு வைத்திருக்க வேண்டும். குளித்தாலும் தூங்கினாலும் அது கூடவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போனவர் கொள்ளி வைத்தவனைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார். குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த ஜனங்கள் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்த வழக்கம் அது. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, வழக்கத்தை மூட எந்த சர்க்காராலும் முடியவில்லை.

அத்தை முதலில் நீட்டியது அருவாள். "அருவாள எடுத்துக்கினு நான் எப்புடி அத்தே ரயில்ல போறது? புடிச்சி உள்ள போட்ருவானுங்க" என்று துரை கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் பெருமாளின் மடக்குக் கத்தியில் சமாதானம் ஆனார்கள். தேக்குக் கைப்பிடி, பித்தளை ஆணி. பெருமாள் சுரங்கத்து ஷாஃப்டுக்குள் இறங்கினால் வெடித்திரி வெட்டுவார், மேலே வந்தால் அதே கத்தியில் மாங்காய் நறுக்குவார். அவருடைய உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து, கைப்பிடி சோப்புக்கட்டி மாதிரி வழுவழுத்துப் போயிருந்தது. குனிந்தால் விழுந்தது. உட்கார்ந்தால் விழுந்தது. தும்மினால்கூட விழுந்தது.

பேய் என்றால் துரைக்கு அவ்வளவு பயம் கிடையாது. அவனுடைய பயமெல்லாம் வரப்போகிறவர் தன்னுடைய நைனா என்பதுதான். அப்பனும் மகனும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டை ஒழிக்கிறேன் என்று கிளம்பிய துரை, பெருமாளின் சுரங்கத்து பூட்ஸைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டான். போட்டதோடு நிற்காமல், "மூடின மைனுக்கு பூட்ஸ் எதுக்கு?" என்று ஒரு கேள்வியும் கேட்டுவைத்தான். அன்றோடு முடிந்தது பேச்சு.

சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருப்பதே ஒரு முன்னறையும் ஒரு சமையலறையும்தான். அதற்குள் மூன்று பேர்.

"அவங்கிட்ட சொல்லு, ஃபேன நிறுத்தச் சொல்லி" என்பார் பெருமாள்.

"அவருகிட்ட சொல்லும்மா, சுவிட்ச் அவரு தலமாட்டுலதான் கீது" என்பான் துரை.

நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பியே அம்மா பார்வதம்மாவுக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. கடைசியில் நெஞ்சில் சேர்ந்திருந்த கல்தூசி பெருமாளைக் கொண்டுபோனபோது துரை வொயிட்ஃபீல்டில் டூட்டியில் இருந்தான், ஃபோன் லாக்கரில் இருந்தது. நைனா வந்தால் என்ன கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதனால் அவர் வரவே கூடாது.

"சட்டையக் குடுப்பா" என்றார் பார்வதம்மா. புருஷன் போனதிலிருந்து அவர் வாயைத் திறந்ததே அப்போதுதான். "பாக்கெட்டுக்கு ஒரு மூடி வெச்சித் தெச்சித் தரேன்."

ஏஜென்சி கொடுத்த லீவு முடிந்தது. மூடி போட்ட பாக்கெட்டும் முள்ளு முள்ளாகத் தாடியுமாக துரை விடிகாலை ரயிலைப் பிடித்தான். ஒரு பெரிய ஆபீஸ் வளாகத்தின் வாசலில் செக்யூரிட்டி வேலை அவனுக்கு. உள்ளே போகிறவர்களின் பையைத் திறந்து, கத்தி கித்தி இருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம்.

பத்து மணி வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் மேனேஜர் மமதா மேடம் வந்தார், பையைத் திறந்து காட்டினார். துரை குனிந்து பார்த்தான். லேப்டாப், தயிர் டப்பா, குடை. "ஓகே மேடம்" என்று சல்யூட் அடித்து அனுப்பினான். மேடம் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது கேட்டைத் தாண்டும்போது மெஷின் கூவியது. பையைக் கவிழ்த்தார்கள். தயிர் டப்பாவின் மேல் கத்தி படுத்திருந்தது.

துரை நெஞ்சைத் தடவிப் பார்த்தான். மூடியின் தையல் பிரிந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மேடம் அழ ஆரம்பித்தார். "நந்து அல்ல, என்னுது இல்ல! நான் காய்கறிகூட வெட்டுறதில்ல, ஆன்லைன்ல வெட்டினதே வாங்குறேன்!" என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சத்தியம் செய்தார். நான்கு பேர் ஓடி வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். துரையின் கண்ணெல்லாம் கத்தியின் மேலேயே இருந்தது. நைனா உள்ளே வந்திருப்பாரோ, வந்து விசிட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரோ என்று அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"என் கத்திதாங்க" என்று போய் நின்றான்.

சூப்பர்வைசர் கிரண் அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏனப்பா, கத்தி புடிக்கத்தானே உன்ன நிக்க வெச்சிருக்கோம்? நீயே கொண்டாந்தா எப்படி?"

துரை எல்லாவற்றையும் சொன்னான். கிரணின் முகம் மாறியது. அவர் மெல்ல இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இப்ப உன்கிட்ட இரும்பு இல்லியா?"

"நீங்கதான சார் வெச்சிருக்கீங்க."

கத்தி அந்த நிமிஷமே திரும்பி வந்தது. "எங்க ஊர்லயும் இது உண்டு, மாராயா. ஆனா கண்ணுல படாம வெச்சிக்கோ. இன்னொரு தடவ இது கீழ விழுந்தா உனக்கு இங்க வேல இல்ல, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் கிரண்.

அன்று சாயங்காலம் பேன்ட்டின் உள்பக்கம், தொடைக்கு நேராக, பார்வதம்மா ஒரு ரகசியப் பாக்கெட் தைத்தார். மறுநாள் ரயிலில் மூச்சு விடக்கூட இடமில்லை. மாலூர் தாண்டியதும் தொடையில் ஏதோ நழுவுவது துரைக்குத் தெரிந்தது. அது முட்டியைத் தாண்டியது, கெண்டைக்காலைத் தாண்டியது. கையை விட்டுப் பிடிக்க முடியாத இடம், பக்கத்தில் பொம்பளைகள் வேறு நிற்கிறார்கள். காலை மாற்றி மாற்றி உதைத்துப் பார்த்தான். கத்தி பேன்ட்டின் வாயிலிருந்து வெளியே வந்து, சறுக்கிக்கொண்டு போய் ஒரு ரயில்வே போலீஸ்காரரின் பூட்ஸில் முட்டி நின்றது.

அடுத்த ஸ்டேஷனில் இறக்கினார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் போலீஸ்காரர், இந்தப் பக்கம் துரை. நடுவில் கத்தி.

"யாரைக் குத்தறதுக்கு?" என்றார் அவர்.

"யாரையும் இல்ல சார். எங்க நைனாவுக்காக."

"அப்பனையா?"

"அவரு செத்துட்டாரு சார்."

போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப குத்தின?"

துரைக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படவில்லை. கத்தியை விட்டு அவன் அவ்வளவு நேரம் தள்ளி இருந்ததே கிடையாது. மூலையில் காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்தான். எந்த நிமிஷமும் அங்கிருந்து ஒரு இருமல் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்.

"சார், அந்தக் கத்தியக் கையில புடிச்சிக்கினே பேசட்டுமா சார்?"

நாற்காலி கவிழ்ந்து போலீஸ்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டாம். யேசுதாஸ் சாவுச் சீட்டின் நகலோடு வந்து, தன் வீங்கிய கட்டைவிரலையும் சாட்சிக்குக் காட்டி அவனையும் கத்தியையும் மீட்டுக்கொண்டு வரும்போது மத்தியானம் தாண்டியிருந்தது.

"உங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சிடா தொரை. இத்தினி வருசம் இந்த லைனுக்கே துணி தெச்ச பொம்பள. புருசன் போனா அப்பிடித்தான்" என்றார் யேசுதாஸ் வழியில்.

துரைக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மாவிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை. கத்தியை நீட்டி, "இதுவும் நிக்கல" என்று மட்டும் சொன்னான். பார்வதம்மா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இடுப்புக் கயித்துல கட்டிக்கோ. நானே முடிச்சி போட்டு வுடறேன்" என்றார்.

அது நல்ல யோசனையாகத்தான் எல்லோருக்கும் பட்டது. மறுநாள் கோரமண்டல் ஸ்டேஷனில், கிளம்பிவிட்ட ரயிலைப் பிடிக்க துரை ஓடினான். படியில் ஒரு காலைத் தூக்கி வைத்தபோது முடிச்சு அவிழ்ந்தது. இந்தத் தடவை கத்தி விழவில்லை. பேன்ட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு, தானாகவே திறந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வினோலியா பேன்ட்டைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார். "இன்னாப்பா தகராறு? யாரு குத்துனது?"

"நானேதான் சிஸ்டர்."

"தொடையிலயா? சாவணும்னு நெனக்கிறவன் எவனாவது தொடையில குத்துவானா?"

"நான் சாவ நெனக்கல சிஸ்டர். செத்தவரு வராம இருக்கத்தான்."

வினோலியா டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் தலைக்கும் ஒரு ஸ்கேன் எழுதினார். தொடையில் தையல் போட்டார்கள். அத்தனை நாளில் துரைக்குப் பிரியாமல் நின்ற தையல் அது ஒன்றுதான்.

பார்வதம்மா ஓடி வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டா, பாவி நான்தான்டா இதுக்குக் காரணம்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. "வுடு பார்வதி, கண்ணு தெரியாம முடிச்சு போட்டதுக்கு நீ இன்னா பண்ணுவ" என்று அத்தை அவரைத் தேற்றினார். தேற்றிய கையோடு, இனிமேல் யாரையும் நம்புவதற்கில்லை என்று கத்தியை துரையின் கையில் வைத்து, விரல்களை மூடி, கிரேப் பேண்டேஜால் இறுக்கிச் சுற்றிவிட்டார். காரியம் வரைக்கும் துரை இடது கையால்தான் சாப்பிட்டான். பார்க்க வந்தவர்கள், தகப்பன் போன துக்கத்தில் பிள்ளைக்குக் கை விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

பதினாறாம் நாள் காலை குளத்தங்கரையில் எல்லாம் முடிந்தது. காரியம் செய்துவைத்தவர், "இனிமே இரும்பு வேணாம்பா, எடுத்துடு" என்றார். கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் விறைத்துப்போய்த் திறக்க மறுத்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்தித்தான் கத்தியை வெளியே எடுக்க முடிந்தது.

நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அத்தை பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பெருமாளின் படத்துக்குக் கீழே பார்வதம்மா உட்கார்ந்திருந்தார். தாலி இல்லாத கழுத்தைப் பார்க்க துரைக்குத் தாங்கவில்லை. கால் வலியோடு மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தொரை" என்றார் பார்வதம்மா, அத்தைக்குக் கேட்காத குரலில். "மறைக்காம சொல்லு. கத்தி இத்தினி வாட்டி வுழுந்துச்சே, ஒரு வாட்டியாவது உன்னாண்ட வந்தாராடா?"

பாவம், அம்மாவும் தன்னைப்போலவே இத்தனை நாளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். துரைக்கு மனசு இளகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வர்லம்மா. கனவுலகூட வர்ல. நீ பயப்படாத."

பார்வதம்மா கையை உருவிக்கொண்டார்.

"பயமா? உங்கிட்ட ஒரு வார்த்த பேசணும், ஒரு வார்த்த பேசணும்னு சொல்லிக்கினேதான்டா அந்த மனுசன் உயிர வுட்டாரு. வந்து பேசிட்டாவது போவட்டும்னுதான் நான் அத்தினி தையலயும் லூசாவே தெச்சேன்."