மாம்பழ டின்னுக்குள் ஈயம்

தக்கலை,
வியாழன் காலை.

மரியாதைக்குரிய மருமகன் ஷாஜன் அவர்களுக்கு மாமன் ஜான்ரோஸ் அன்புடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். பெமிலா சுகம், அவள் வயிற்றில் இருக்கும் உங்கள் பிள்ளையும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் சுகமாயிருக்க நாங்கள் வேண்டிக்கொள்ளாத நாளில்லை. பயப்படும்படி இங்கே ஒன்றும் நடக்கவில்லை. இதைப் படித்து முடிப்பதற்குள் டிக்கெட் போட்டுவிட வேண்டாம். போனில் சொன்னால் நீங்கள் பாதி கேட்டு ஏர்போர்ட்டுக்குப் போய்விடுவீர்கள் என்றுதான், இன்று பிளைட் ஏறுகிற உங்கள் கூட்டுக்காரன் ரிஜோ கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறைய டின் கொண்டுவந்தீர்கள் அல்லவா? அதில் மாம்பழத் துண்டு போட்ட டின் ஒன்று. மாமரம் இல்லாத வீடே இல்லாத ஊருக்கு எதற்காக மாம்பழ டின் என்று நான் அப்போது கேட்கவில்லை, மருமகன் மனசு நோகக்கூடாதே என்று. அந்த டின்னை உங்கள் மாமி நேசபாய் போன வாரம் திறந்தாள். திறந்த டின் அப்படியே பிரிட்ஜில் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் பெமிலா அதிலிருந்து நாலைந்து துண்டு தின்றாள். அரை மணி நேரத்தில், "அம்மா, எனக்கு வயித்தப் பெரட்டுது" என்று வாஷ்பேசினுக்கு ஓடினாள். ஏழாம் மாதத்தில் அது சகஜம்தானே என்று நேசபாய் வெந்நீர் வைக்கப் போனாள். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பிரிட்ஜைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டேன். மருமகனே, மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் பல்லாலேயே கம்பி கடித்து இழுத்தவன் நான். உலோகத்தின் ருசி எனக்கு நன்றாகத் தெரியும். அது மாம்பழம் இல்லை, கம்பி! மிச்சத்தைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு டின்னுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்ன வேண்டிய உட்பக்கம் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

உடனே போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஒரு இடத்தில், திறந்த டின்னில் புளிப்புப் பண்டத்தை வைத்தால் ஈயம் கரைந்து உணவில் இறங்கும் என்று இருந்தது. இன்னொரு இடத்தில், ஈயம் கர்ப்பிணிகளுக்கு ஆகாது, பிள்ளையின் மூளையைத் தாக்கும் என்று இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்ததும் பெமிலாவைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரி வந்ததும் டின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். "டாக்டரம்மா, ஈயம்! ஈயம் உள்ள போயிட்டு!" என்று நான் போட்ட சத்தத்தில் நர்சு ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டாள். டாக்டரம்மா டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டின் வந்தாச்சு. பேஷண்ட் எங்க?" என்றார். அப்போதுதான் பெமிலாவை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அவள் மெதுவாக நடந்து வந்து, "அப்பா, முதல்ல நீங்க இருங்க" என்றாள். முதலில் பிரஷர் பார்த்தது எனக்குத்தான். இதை உங்கள் வீட்டில் சொல்ல வேண்டாம்.

பிறகு பிள்ளையின் இதயத் துடிப்பை மெஷினில் கேட்க வைத்தார்கள். டக் டக் டக் என்று குதிரை ஓடுகிறது மாதிரி. நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அங்கே பிரஷர் மாத்திரை வாங்க நின்றிருந்தார் குலசேகரன் சார், ரிட்டயரான கெமிஸ்ட்ரி வாத்தியார். டின்னை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "வேய் ஜான்ரோசு, ஈயம்ணா ஒண்ணா? ரெண்டு உண்டும் வேய். பிள்ளையளுக்கு ஆகாதது காரீயம். இது வெள்ளீயம். உம்ம வீட்டு வெங்கல உருளியில பூசுவாவல்லா, அந்தச் சாதனம். உள்ள இருக்க இரும்பு துருப்பிடிக்காம இருக்கப் பூசியது. மூடியிருக்கும்வர கொழப்பம் இல்ல. தொறந்து காத்துப் பட்டா, புளிப்பு அதைத் தின்னும். வேற பாத்திரத்துல மாத்தி வைக்காண்டாமா?"

"அப்பம் பிள்ளைக்கு?"

"வெள்ளீயம் கூடிப்போச்சுன்னா வயித்தப் பெரட்டும், சர்த்திலு வந்து வெளிய போவும், பொறவு நிக்கும். நீரு அந்த போனத் தூரப் போடும்."

டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். ஒரு நாள் வைத்துப் பார்த்து, செவ்வாய்க்கிழமை அனுப்பிவிட்டார்கள். பெமிலா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். எனக்குத்தான் இன்னும் சோறு இறங்கவில்லை. எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் அது கரைந்துகொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. நேற்று நேசபாய் வெள்ளி டம்ளரில் காப்பி தந்தாள், வேண்டாம் என்றேன்.

ஆகையால் நான் தாழ்மையுடன், ஆனால் கண்டிப்புடன் கேட்டுக்கொள்வது: இந்தத் தரங்கெட்ட டின்னை விற்ற கடைக்காரனிடம் நேரில் போய், கர்ப்பிணியின் தகப்பன் சொன்னதாகப் புகார் கொடுக்கவும். மாம்பழத்தை இப்படிப் புளிக்க விட்டவன் எவனோ அவன் பெயரையும் கேட்டு எழுதவும். இனிமேல் டின் என்ற சொல்லே நம் குடும்பத்தில் வேண்டாம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, பிரசவ நேரத்தில் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
ஜான்ரோஸ்

பி.கு: கவர் ஒட்டப் போகையில் நேசபாய் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்க் கேட்டேன். நீங்கள் கொண்டுவந்த மாம்பழத்தை அவளும் பக்கத்து வீட்டுப் பேபியும் திறந்த அன்றே தின்று தீர்த்துவிட்டார்களாம். நல்ல தேன் மாதிரி இருந்ததாம். பெமிலா தின்றது, உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய புளிச்சி மரத்து மாம்பழம். கறுத்துப்போகாமல் இருக்க நாலு எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனி போட்டு, காலி டின்னில் நிறைத்து வைத்தாளாம். "இத ஏம்டீ அண்ணைக்கே சொல்லல?" என்றேன். "நீங்க டின்னத் தூக்கிட்டு ஓடுன ஓட்டத்துல யாரு சொல்ல முடியும்? பின்ன, நல்ல டின்னு, தூரப் போடாத, கழுவி எதையாவது போட்டு வையின்னு பறஞ்சது யாராம்?" என்கிறாள்.

வேறு காகிதத்தில் எழுத நேரமில்லை, ரிஜோ வாசலில் ஹாரன் அடிக்கிறான். கடைக்காரனிடம் போக வேண்டாம். உங்கள் அம்மாவிடம் மாம்பழம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லவும்.