காலி வீட்டுக்கு விலை அதிகம்

கடல் தாண்டி, காடு தாண்டி, ஆட்டுக்குப் பஞ்சமில்லாத, ஆளுக்கு மட்டும் பஞ்சமான ஒரு சீமை இருந்தது. அதன் ஓரத்தில் செம்மேடு என்றொரு சிற்றூர். தெரு ஒன்று, தலைகளில் பாதி நரைத்தவை.

தலைநகரத்தில் வீடுகளுக்கு விலை மதிப்பிடும் மந்திரி ஒருநாள் பேருண்மை ஒன்றைக் கண்டறிந்தார்: குடியிருக்கும் வீட்டைவிடக் காலி வீடு நல்ல விலைக்குப் போகிறது. வீட்டு விலை ஏறினால் நாடே ஏறியதாக அர்த்தம். ஆகவே தண்டோரா போட்டார்கள். "யாரும் வெளியேற வேண்டாம். குடிகளை விரட்டும் அரசல்ல இது. வாழ்வதன் அடையாளம் மட்டும் வெளியே தெரியக் கூடாது."

செம்மேட்டு வெள்ளத்தாயி கொடியில் துணி காயப்போடுவதை நிறுத்தினாள். வீடு பார்க்க ஆள் வரும் நாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. ஆள் எந்நாளும் வரலாம் என்று அதற்கு விளக்கம் வந்தது. மாவைப் பச்சையாகக் கரைத்துக் குடித்தார்கள். கிழட்டு ஊரென்றால் விலை இறங்குமாம். அறுபது தாண்டியவர்கள் இருமக் கூடாது என்றும் சட்டமானது.

அவள் புருஷன் காத்தமுத்துவுக்குச் செம்மண் தூசி இருமல். "எனக்கு இன்னும் அறுபது ஆகலையேடி," என்று முனகினான்.

"அது எனக்குத் தெரியும். உங்க இருமலுக்குத் தெரியலையே. வாயப் பொத்துங்க."

எதிர்வீட்டு ராயப்பன் ஒருநாள் தும்மிவிட்டான். மறுநாள் அவன் வீடு நிஜமாகவே காலி. எங்கே போனான் என்று கேட்க வாயைத் திறக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

தேர்தல் வந்தது. மன்னரே பல்லக்கில் வந்து தெரு நடுவில் நின்றார். "என்னை எதிர்ப்பவர் எவரேனும் உண்டா?"

காற்றுக்கூட மூச்சை அடக்கிக்கொண்டது.

"போட்டியின்றித் தேர்வு, மன்னா," என்றார் மந்திரி. "ஊரும் மொத்தமாக விலைபோயிற்று. வாங்கியவர் வெளிதேசத்தார். இந்தப் பக்கமே வரமாட்டார். இன்றே பூட்டிவிடலாம்."

வெள்ளத்தாயி கதவிடுக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசினால் ராயப்பன் கதி. பேசாவிட்டால் வீடு போகும்.

"ஐயா, உள்ள நாங்க இருக்கோம்யா."

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "இருக்கோம்." அதற்கடுத்த வீட்டிலிருந்தும் ஒன்று.

மன்னர் திடுக்கிட்டார். "என்ன சத்தம் அது?"

"எதிரொலி, மன்னா. காலி வீடென்றால் அப்படித்தான். சுவர் உறுதியாக இருப்பதற்கு அத்தாட்சி."

"அப்படியானால் விலையைக் கூட்டும்."

வெள்ளத்தாயி கதவைப் பிடித்து இழுத்தாள். வெளியே பூட்டில் சாவி திரும்பியது. பின்னால் காத்தமுத்து முதன்முறையாக நெஞ்சு நிறைய இருமினான்.

பூட்டியவன் ஒரு கணம் நின்று காது கொடுத்தான். "அருமையான வீடு," என்றபடி அடுத்த வாசலுக்கு நடந்தான்.