திசை பார்த்த கொமட்

கொமட் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆழ்வாப்பிள்ளைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. புதுக் குளியலறையில், மேசன் கஜீவன் பூசிய ஈரச் சீமெந்தின் நடுவே, ஒட்டிய கடதாசிகூடக் கிழிக்கப்படாமல், மணவறையில் இருத்திய மாப்பிள்ளை மாதிரி அது வெள்ளையாக இருந்தது. மனைவி மீனாம்பிகைதான் வாசலில் நின்று தலையை ஆட்டினாள்.

“இஞ்சேருங்கோ, மச்சாள் சூரியனுக்கு நேரேயோ இருக்கிறது?”

“அறைக்குள்ளை சூரியன் எங்கை வருது?”

“சுவருக்கு அங்காலை நிக்குதெல்லோ.”

அந்த மச்சாள், ஆழ்வாப்பிள்ளையின் அக்கா தையல்நாயகி, கனடாவிலிருந்து வர இன்னும் பதினொரு நாள் இருந்தது.

முப்பது வருடத்தில் அக்கா நான்கு தடவை ஊருக்கு வந்திருக்கிறாள். முதல் தடவை சண்டிலிப்பாயில், ஆழ்வாப்பிள்ளை வீட்டில்தான் இறங்கினாள். அடுத்த நாள் பொழுது வடிவாக விடிய முன்னமே, குந்தி எழும்ப முழங்கால் ஏலாது, கொமட் உள்ள இடமாகப் பார்க்கிறேன் என்று சொல்லி, பெட்டியோடு மருதனார்மடத்துக்கு, கடைசித் தம்பி முருகேசு வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு வந்த மூன்று தடவையும் முருகேசு வீடுதான்.

தாய் செத்தபோது ஆழ்வாப்பிள்ளைக்கு ஆறு வயது. அக்காதான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று அவரை வளர்த்தாள். அந்த அக்கா தன் வீட்டில் ஒரு கிழமையாவது நிற்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

பஸ் டிப்போவில் நேரக்கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போதும் விடிய நாலரைக்கு ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிடுவார். பாட்டெல்லாம் அவரே கட்டியவை. இந்த முறை அக்காவைப் பற்றியே நாற்பது பாட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒன்பதாவது பாட்டை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும்.

அறையோடு சேர்த்துக் குளியலறை கட்டுகிறேன், கொமட்டும் வைக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, அக்கா கொஞ்ச நேரம் பேசவேயில்லை. சந்தோசத்தில் வாயடைத்துப் போனாள் என்று ஆழ்வாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

“தம்பி, உதை மேற்காலை திருப்பும்,” என்றார் கஜீவனிடம்.

“கதிரையோ ஐயா, இழுத்துத் திருப்ப? கீழை பைப் கிடக்கு.”

நிலம் உடைந்தது. இரண்டு நாளில் கொமட் மேற்கைப் பார்த்தது. மீனாம்பிகை வந்து பார்த்தாள்.

“அங்காலை பிள்ளையார் கோயிலெல்லோ.”

“கோயில் அரைக்கட்டை தூரத்திலை இருக்கு, மீனா.”

“பிள்ளையாருக்கு என்ன, கண் தெரியாதோ?”

நிலம் மறுபடி உடைந்தது. பழைய கொங்கிறீற்றை முழுதாகக் கிளறினால் குழாய் போய்விடும் என்று கஜீவன் அதன் மேலேயே புதிதாகப் போட்டான். கொமட் தெற்கைப் பார்த்தது.

“தெற்கு எமன்ரை திசை,” என்றாள் மீனாம்பிகை. “எழுபத்திநாலு வயது மனிசியை ஒவ்வொரு நாளும் எமனைப் பாக்க விடுறதோ?”

இதற்கு ஆழ்வாப்பிள்ளை உண்மையாகவே பயந்துவிட்டார். மிச்சம் இருந்தது வடக்கு. வடக்குச் சுவருக்கு அடுத்த பக்கம் சாமியறை. அதை அவள் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

“கனடாவிலை அக்கா எந்தப் பக்கம் பாத்து இருக்கிறா?” என்று கேட்டார்.

“அங்கை பனி. சூரியன் எங்கை நிக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?”

கடைசியில் மூலையைப் பார்த்து வைப்பதென்று முடிவானது. ஒரு திசையிலும் சேராதபடி கஜீவன் நூல் பிடித்து வைத்தான். குறை சொல்ல மீனாம்பிகைக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் கொங்கிறீற்றுக்கு மேல் கொங்கிறீற் போட்டதில் நிலம் ஒன்றரை அடி உயர்ந்திருந்தது.

“இரண்டு படி கட்டினால் சரி ஐயா,” என்றான் கஜீவன்.

“முழங்கால் ஏலாத மனிசிக்குப் படியோ?”

“பிடிச்சு ஏறக் கம்பி ஒண்டும் பூட்டிவிடுறன்.”

கம்பி பூட்டினான். கம்பி இடித்ததில் கதவு திறக்க மறுத்தது. வட்டுக்கோட்டையிலிருந்து வந்த தச்சுவேலைக்காரர் கதவைப் பல பக்கமும் நின்று பார்த்தார். பிறகு அதன் கீழ்ப் பாதியை அறுத்து எடுத்தார். இப்போது கதவு கம்பிக்கு மேலால் அழகாகத் திறந்தது, அழகாகப் பூட்டியது.

“மச்சாளின்ரை தலை மட்டும் நல்லா மறையுது,” என்றாள் மீனாம்பிகை.

ஆழ்வாப்பிள்ளை மனம் தளரவில்லை. கீழ்ப் பாதிக்கு ஒரு சீலையைத் தொங்கவிடலாம். அடுத்த நாள் விடிய ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு படியும் ஏறி, கொமட்டின் மூடியில் உட்கார்ந்து ஒன்பதாவது பாட்டைப் பாடிப் பார்த்தார். டைல்ஸ் சுவரில் பட்டுக் குரல் மூன்று மடங்காகத் திரும்பி வந்தது. அக்காவின் கட்டில் அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் போட்டிருந்தது. அவருக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

எட்டு மணிக்குத்தான் ஓய்ந்தார். வாசலில் கஜீவன் காதில் பஞ்சோடு நின்றான்.

“என்ன தம்பி, காதிலை?”

“கிரைண்டர் சத்தம் ஐயா.”

கிரைண்டர் இன்னும் அவனுடைய பைக்குள்தான் இருந்தது.

மூன்று நாள் இருக்கும்போது அக்கா வீடியோவில் எடுத்தாள். “எடா தம்பி, வேலை முடிஞ்சுதோ?”

ஆழ்வாப்பிள்ளை தொலைபேசியைக் கொண்டுபோய்க் கொமட்டைக் காட்டினார். படியைக் காட்டினார். கம்பியைக் காட்டினார். கதவில் மட்டும் மேல் பாதியோடு நிறுத்திக்கொண்டார். அக்கா எல்லாவற்றையும் வடிவாகப் பார்த்தாள்.

“ஐயோ, படியோ!” என்றாள். “என்ரை முழங்காலுக்கு உது சரிவராதடா. நான் முருகேசு வீட்டையே நிக்கிறன். உன்ரை வீட்டை மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறன், என்ன?”

ஆழ்வாப்பிள்ளை முதலாம் படியில் உட்கார்ந்துவிட்டார். எழுபது வயதுக்குக் கிட்ட வந்த மனிதர் மேசனுக்கு முன்னால் அழுதார். அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது.

“உமக்கு அக்கா வாறது விருப்பமில்லை,” என்றார் மனைவியிடம். “ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு நொட்டை சொல்லி வேலையைக் குழப்பினது நீர்தான்.”

மீனாம்பிகைக்கு முகம் சிவந்தது. “நான் என்ன சாத்திரியோ? மச்சாள்தான் ஒவ்வொரு நாளும் எனக்குப் போன் எடுத்தவ. இண்டைக்கு எந்தப் பக்கம் பாத்து வைச்சிருக்கு எண்டு கேட்டு, என்ன நொட்டை சொல்லவேணும் எண்டும் சொல்லித் தந்தவ. தம்பியிட்டைச் சொல்லிப்போடாதை எண்டு சத்தியமும் வாங்கினவ.”

“பொய்! கொமட் இல்லையெண்டுதானே அக்கா இவ்வளவு காலமும் இஞ்சை நிக்கேல்லை? அது வந்த பிறகு அவ ஏன் மறிக்கிறா?”

மீனாம்பிகை வாயைத் திறந்தாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“சொல்லுமன்!”

அவள் கஜீவனைப் பார்த்தாள். கஜீவன் சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டு, காதிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தான்.

“ஐயா, வேலை தொடங்கின முதல் நாளே கனடா அம்மா எனக்கும் எடுத்தவ,” என்றான். “கொமட்டைப் பற்றி ஒண்டும் விசாரிக்கேல்லை. ‘அவன் இப்பவும் விடியக்காலமை பாடுறவனோ?’ எண்டு மட்டும்தான் கேட்டவ.”