மேச்சேரிக் கிடாவும் நானும் மலை ஏறியது

மூச்சு என்பது ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை யாருக்கும் ஞாபகம் வராத சங்கதி. எனக்கு அது நின்றுபோன நாளில் கூடவே ஒரு கல்யாணமும் நின்றுபோனது.

வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலைக்கு ரோடு கிடையாது, நடைதான். என் அம்மா மலைமேல் வளப்பூர் நாட்டில் பிறந்தவள். நான் வளர்ந்ததோ அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில். மலையிலிருந்த தாய்மாமன் மகள் நல்லம்மாவை வருஷத்துக்கு ஒரு தடவை, கோயில் நோன்பித் திருவிழாவில்தான் பார்க்க முடியும். மற்ற நாளெல்லாம் ஏர் பிடித்தபடி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். (உழவு கோணிக்கொண்டு போகும். அப்பா திட்டுவார்.)

மேலே வந்து தங்கிப் பிழைப்பவனுக்குத்தான் பெண் என்றார் மாமன். கீழ்நாட்டு உடம்பு குளிரையும் மேட்டையும் தாங்குமா என்பது அவர் சந்தேகம். என் உடம்பில் ஓடுவது மலை ரத்தம் என்று சொல்லியனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் செம்மறிகள் முயல்குட்டி மாதிரி இருக்கின்றன, பரிசத்துக்கு எங்கள் கீழ்நாட்டு மேச்சேரி இனக் கிடா ஒன்றை நானே நடத்தி வருகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

கிடா எடுப்பாகத் தெரியட்டும் என்று மாதக்கணக்கில் கடலைப் பிண்ணாக்கு ஊட்டினேன். பரிசத்தன்று பாதி மலையில் அது நாக்கைத் தள்ளிப் படுத்துவிட்டது. இழுத்தேன், கெஞ்சினேன், கடைசியில் தோளில் தூக்கினேன். (மலை ரத்தம் அல்லவா!) நாலு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டி, கிடாவோடு சேற்றில் சாய்ந்தேன். அங்கே மேய்ந்துகொண்டிருந்த மாமன் வீட்டு முயல்குட்டிகள் எங்கள் இருவரையும் தாண்டிக் குதித்து, அலுங்காமல் மேலேறிப் போயின.

ஆடு திருப்ப வந்த நல்லம்மா கையில் சொம்புடன் நின்றாள்.

"ஏனுங்க மாமா, மொதல்ல யாருக்குங்க தண்ணி? உங்களுக்கா, கெடாவுக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. என்னைத் தேடி வந்த மாமன் என் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும். நான் வாயால் மூச்சு விட்டபடி, கெத்தாக, கிடாவுக்கு என்றேன்.

மாமன் கிடாவைத் தடவிக் கொடுத்தார். "இது இங்கயே கெடக்கட்டும், பழகிக்கும். நீ ஊட்டுக்குப் போ சாமி."

அடுத்த நோன்பிக்குள் நல்லம்மாவை மலைமேலேயே சோளக்காடு என்கிற ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமன் ஆட்டுப்பட்டியில் கிடாவுக்குப் பிறந்த குட்டிகளைப் பார்த்தேன். அப்பன் உடம்பும், மலைக்காரியான அம்மாவின் மூச்சுமாக, செங்குத்து மேட்டில் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கும் நல்லம்மாவுக்கும் பிறந்திருந்தால் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கிடாவுக்குப் பழகிக்கொள்ள நாள் கொடுத்த மனுஷன் எனக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

இன்றைக்கும் நான் வரப்பேறி இளைத்து நின்றால், இந்தக் கதை தெரிந்த என் மனைவி சொம்போடு வந்து, மொதல்ல யாருக்குங்க என்பாள். பேரப்பிள்ளைகள், கெடாவுக்கு என்று கத்துவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எனக்குத்தான் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.