ஜாக்கெட்டில் குண்டு துளைத்த விவரம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம், உங்கள் மைத்துனன் ஒருவனைத் தவிர. அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம்.

நீங்கள் இங்கே மறந்து வைத்துவிட்டுப் போன தோல் ஜாக்கெட் சலவைக்குப் போயிருப்பதாக முந்தாநாள் போனில் சொன்னேன். போகவில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை திறந்த போர் விமான அருங்காட்சியகத்தில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் அது தொங்குகிறது. அதை நடத்தும் நாங்கள் எட்டுப் பேரும் ஓய்வு பெற்றவர்கள், சம்பளம் வாங்காதவர்கள், அதனால் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்பதில்லை. எங்களிடம் இருந்தது ஒரு வளைந்த புரொப்பல்லர், பேசாத ரேடியோ, ஒற்றை பூட்ஸ். இவற்றுக்குத் தச்சர் ஆளுயரப் பெட்டி செய்துவிட்டார். அதில் பூட்ஸை வைத்தால் யாரோ அவசரத்தில் கழற்றிப் போட்டது போல் இருந்தது. "இதுல ஏதாவது தொங்கணும் சார்" என்றார் தலைவரான பல் டாக்டர். அளவு பார்க்கத்தான், அத்தான், உங்கள் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் எங்கள் பெயிண்டர் கண்ணாடியிலேயே எழுதி முடித்திருந்தார்: 'எதிரியின் குண்டு இடது தோளைத் துளைத்த பின்னும் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கிய வீரரின் மேலங்கி.'

"குண்டு எங்கங்க பட்டிருக்கு?" என்றேன்.

"வெறும் மேலங்கின்னு எழுதினா யார் பாக்க வருவா?" என்றார். அழிக்கச் சொன்னேன். பெயிண்ட் காய்ந்துவிட்டதாம். திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. புத்தியுள்ளவன் ஜாக்கெட்டை எடுத்திருப்பான். நானோ, ரேடியோவைப் பழுது பார்த்தவர் சூடாக விட்டுப் போயிருந்த சால்டரிங் அயர்னை எடுத்து, எழுத்துக்குத் தகுந்தபடி ஜாக்கெட்டின் இடது தோளைத் திருத்திவிட்டேன். நீங்கள் முதல் சம்பளத்தில் வாங்கியது, பெற்ற மகனைக்கூடத் தொடவிடாதது என்பதெல்லாம் தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சிறப்பு விருந்தினராக முன்னாள் விமானப் படைக்காரர் ஒருவரை டாக்டர் பிடித்து வந்திருந்தார். எண்பத்தெட்டு வயது. ரிப்பனை வெட்டிவிட்டு நேராக அந்தப் பெட்டிக்குப் போனார், ஓட்டைக்கு நேரே கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார், குலுங்கிக் குலுங்கி அழுதார். கூட்டமே எழுந்து நின்றது. டாக்டரும் அழுதார். "இவரு பேரு என்ன தம்பி?" என்று பெரியவர் என்னைக் கேட்டார். "தெரியலீங்க ஐயா" என்றேன். "பேருகூடத் தெரியாமப் போயிட்டாரே" என்று இன்னொரு முறை அழுதார். அத்தான், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சவரம் செய்யவே கூச்சமாக இருக்கிறது. நாளைக் காலை அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி, ஓட்டையோடு உங்களிடம் சேர்ப்பேன். இது உறுதி.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு என் தலைகுனிவு.

தங்கள் கோபத்துக்குரிய,
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அந்தப் பெரியவரே வீடு தேடி வந்துவிட்டார். "ஒண்ணு சொல்லணும் தம்பி. நான் விமானத்துல ஏறினதே கிடையாது. படையோட சமையல்கூடத்துல காய் நறுக்கிட்டிருந்தேன். டாக்டரு விமானப் படையில பைலட்டா இருந்தீங்களான்னு கேட்டாரு, ஆமான்னுட்டேன். அந்த ஓட்டையப் பாத்ததும் வெக்கம் தாங்கல. அதான் அழுதேன்" என்றார். என் முறை வந்துவிட்டது என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். "பரவாயில்லீங்க ஐயா, மனுஷன்னா தப்புப் பண்றதுதான். நான் மன்னிச்சிட்டேன்" என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பரிகாரமாக இனி ஞாயிறுதோறும் வந்து அந்தக் கண்ணாடியைத் துடைத்து வைப்பதாகச் சொன்னார், நானும் அனுமதித்துவிட்டேன். ஆகவே ஜாக்கெட் இன்னும் சலவையில்தான் இருக்கிறது அத்தான்.